காக்கையா, காற்றா?

முழு உடல் பரிசோதனைக்குப் போய்வந்தவர்களின் கையில் இப்போதெல்லாம் பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு காகிதக் கட்டு இருக்கிறது. சர்க்கரை, உப்பு, கொலஸ்ட்ரால் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நடுப் பக்கங்களில் வாயில் நுழையாத பெயர்கள் தட்டுப்படும். ஹோமோசிஸ்டீன் என்று ஒன்று இருக்கும். எதிரே 22 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். 15-க்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. மேலே ‘இதய நோய் அபாயம்’ என்று தலைப்பு. அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது.

அப்படித் தாளை நீட்டி, “இது கூடியிருக்கே, ஹார்ட் அட்டாக் வந்துருமா?” என்று கேட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். கேட்கும்போது ஒரே கேள்வியாகத்தான் ஒலிக்கிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு இருக்கின்றன. இந்த எண் கூடியவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறதா என்பது ஒன்று. இந்த எண்ணைக் குறைத்துவிட்டால் மாரடைப்பு குறையுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், இரண்டாவதற்கும் ஆம்தானே என்று மனம் தாவிவிடுகிறது. மருத்துவ உலகமும் பல முறை அப்படித் தாவியிருக்கிறது. அந்தத் தாவல்களின் கதையைப் பொறுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பயந்துபோனவர்கள்தாம் இந்த இடத்தில் அதிகம் செலவழிக்கிறார்கள்.

சாப்பிட்ட சோறும் பருப்பும் குடலில் உடைந்து, ரத்தத்தில் ஏறி, கல்லீரலில் உருமாறி, தசையில் எரிந்து, மிச்சம் சிறுநீரகத்தில் வடிகிறது. இந்தப் பயணத்தின் ஒவ்வொரு படியிலும் சின்னச் சின்ன மூலக்கூறுகள் உண்டாகி அழிகின்றன. அவற்றைத்தான் வளர்சிதைப் பொருட்கள் என்கிறோம். குளுக்கோஸ், யூரியா, கிரியேட்டினின், அமினோ அமிலங்கள், கொழுப்பு அமிலங்கள், கொலஸ்ட்ரால் எல்லாம் இந்தக் கூட்டம்தான். 2011-இல் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு மனித ரத்தநீரில் இருக்கும் சேர்மங்களைப் பட்டியல் போட்டது. எண்ணிக்கை 4,229-இல் போய் நின்றது. மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் நிறைநிறமாலைமானிகள் பெருகிய பிறகு, மிகச் சிறிதளவு ரத்தத்திலேயே நூற்றுக்கணக்கான பொருட்களை ஒரே ஓட்டத்தில் அளந்துவிட முடிகிறது.

சில ஆயிரம் பேரின் ரத்தத்தை எடுத்து உறையவைத்து, பத்து ஆண்டு காத்திருந்து, யார் யாருக்கு மாரடைப்பு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய ரத்தத்தை எடுத்து, அவர்களிடம் அன்றே எந்தப் பொருள் கூடியிருந்தது என்று தேடுங்கள். ஏதோ சில பெயர்கள் கட்டாயம் மேலே மிதந்து வரும். செய்தித்தாளில் ‘மாரடைப்பை முன்கூட்டியே சொல்லும் புதிய ரத்தப் பரிசோதனை’ என்று நாம் படிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. தற்செயலைக் காரணமாக எண்ணிவிடாதே என்பதற்குச் சொல்வார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று பார்த்தால், தற்செயல் போக இன்னும் மூன்று வழிகள் தெரிகின்றன. காக்கையே தள்ளியிருக்கலாம். பலத்த காற்று ஒன்று வீசி, பறந்துகொண்டிருந்த காக்கையை மரத்தில் ஒதுங்க வைத்து, அதே வேகத்தில் பழத்தையும் உலுக்கியிருக்கலாம். அல்லது காம்பு விடும் அளவுக்குக் கனிந்துவிட்ட பழத்தின் மணமே காக்கையை வரவழைத்திருக்கலாம். மூன்றிலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரே காட்சிதான்: காக்கை வந்தது, பழம் விழுந்தது. காக்கையை விரட்டினால் பழம் நிற்குமா என்பது மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு.

ஹோமோசிஸ்டீனின் கதை பாஸ்டன் நகரில் ஒரு சிறுவனின் மரணத்தில் தொடங்குகிறது. 1933-இல் அங்குள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எட்டு வயதுப் பையன் ஒருவன் பக்கவாதத்தால் இறந்தான். பிணக்கூறாய்வில் அவனுடைய தமனிகள் முதியவருடையதைப் போலத் தடித்துக் கிடந்தன. எட்டு வயதில் இது எப்படி என்று யாருக்கும் விளங்கவில்லை. விசித்திர நேர்வு என்று மருத்துவ இதழில் அச்சேறி, அப்படியே மறக்கப்பட்டது.

மூன்று பத்தாண்டுகள் கழித்து வடக்கு அயர்லாந்தில் நீனா கார்சன், டெஸ்மண்ட் நீல் என்ற இருவர், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1962-இல் சில குழந்தைகளின் சிறுநீரில் கந்தகம் கலந்த ஓர் அமினோ அமிலம் அளவுக்கு மீறி வெளியேறுவதைக் கண்டார்கள். ஹோமோசிஸ்டினூரியா என்று அந்தப் பிறவிக் குறைக்குப் பெயர் வந்தது. கண்ணின் வில்லை இடம் பெயரும், கைகால் நீண்டிருக்கும், சின்ன வயதிலேயே ரத்தக்குழாயில் கட்டிகள் அடைக்கும்.

பாஸ்டனில் இதே குறையோடு ஒரு சிறுமி சிகிச்சைக்கு வந்தபோது, அவளுடைய தாய்மாமன் ஒருவர் சிறு வயதிலேயே பக்கவாதத்தில் இறந்த செய்தி வெளிவந்தது. அந்தத் தாய்மாமன்தான் 1933-இல் இறந்த பையன். கில்மர் மெக்கல்லி என்ற இளம் நோயியல் மருத்துவர் இதைக் கேள்விப்பட்டார். பாதுகாத்து வைத்திருந்த திசுத் துணுக்குகளைத் தேடி எடுத்து, நுண்ணோக்கியில் மறுபடி பார்த்தார். தமனிச் சுவர் தடித்திருந்தது, ஆனால் அதில் கொழுப்புப் படிவு இல்லை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்தச் சிறுவனின் ரத்தத்தில் கூடியிருக்கக்கூடியது ஹோமோசிஸ்டீன் மட்டும் இல்லை. மெத்தியோனைன் என்ற இன்னோர் அமினோ அமிலமும் அந்தக் குறையில் கூடும். தமனியைக் கெடுத்தது எது? அப்போது, இரண்டு மாதத்தில் இறந்துபோன ஒரு கைக்குழந்தையின் நேர்வு அவருக்குக் கிடைத்தது. அந்தக் குழந்தைக்கு இருந்தது வேறொரு பிறவிக் குறை. அதில் ஹோமோசிஸ்டீன் கூடும், மெத்தியோனைன் குறையும். இந்தக் குழந்தையின் தமனிகளும் அதேபோலத் தடித்திருந்தன. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஹோமோசிஸ்டீன் ஒன்றுதான். 1969-இல் இதை எழுதி வெளியிட்டு, சாதாரண மக்களின் தமனி நோய்க்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்றார். அன்றைக்கு எல்லாரும் கொலஸ்ட்ராலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு. 1970-களின் இறுதியில் ஹார்வர்டில் அவருடைய இடம் போயிற்று.

இந்த ஹோமோசிஸ்டீன் நம் உடலில் எப்படி வருகிறது என்பதை அறிந்தால்தான் மீதிக் கதை புரியும். பருப்பு, பால், முட்டை, மீன், கறி என்று எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும் அதில் மெத்தியோனைன் இருக்கும். உடல் அதிலிருந்து ஒரு சிறு வேதித் துண்டைக் கழற்றிப் பல வேலைகளுக்குப் பயன்படுத்துகிறது. கழற்றிய பிறகு மிஞ்சுவதே ஹோமோசிஸ்டீன். அது தேங்கக் கூடாது; போக இரண்டு வழிகள் உண்டு. வைட்டமின் பி12-உம் ஃபோலிக் அமிலமும் இருந்தால் மீண்டும் மெத்தியோனைனாகத் திரும்பும். வைட்டமின் பி6 இருந்தால் சிஸ்டீன் என்ற வேறொன்றாக மாறிக் கழியும். இந்த வைட்டமின்களில் ஒன்று குறைந்தாலும் வழி அடைபட்டு ஹோமோசிஸ்டீன் தேங்குகிறது. சிறுநீரகம் தளர்ந்தாலும் தேங்கும். வயது ஏற ஏறக் கூடும், புகைப்பவர்களுக்குக் கூடும்.

மெக்கல்லிக்கு நியாயம் கிடைப்பதுபோல ஒரு காலம் வந்தது. அமெரிக்காவில் 14,916 ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 1992-இல் வெளியானது. ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு வந்திருந்தது. அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் பலவும் இதையே சொல்லின. இதைவிட நல்ல செய்தி இருக்க முடியுமா? கெட்டது எது என்று தெரிந்துவிட்டது. அதைக் குறைக்கும் மருந்தோ சில காசு விலையுள்ள வைட்டமின் மாத்திரை. 1990-களின் இறுதியில் உலகெங்கும் மருத்துவர்களுக்கு இருந்த நம்பிக்கையை இன்று நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது.

பிறகு சோதனைகள் நடந்தன. நார்வேயில் மாரடைப்பு வந்து பிழைத்த 3,749 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு வைட்டமின், மறு சாராருக்கு வெறும் மாத்திரை கொடுத்தார்கள். ஃபோலிக் அமிலம் பெற்றவர்களின் ஹோமோசிஸ்டீன் 27 சதவீதம் இறங்கியது. மாரடைப்பு இறங்கவில்லை. கனடாவைத் தலைமையகமாகக் கொண்ட இன்னொரு சோதனை 5,522 பேரை ஐந்து ஆண்டு கவனித்தது. மாரடைப்பைப் பொறுத்தவரை அதே முடிவு. 2006-இல் ஒரே மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டும் அருகருகே வந்தன. இன்னும் சந்தேகம் மிச்சம் இருந்தவர்களுக்கு 2010-இல் பிரிட்டனிலிருந்து, மாரடைப்பிலிருந்து மீண்ட 12,064 பேரை ஏறத்தாழ ஏழு ஆண்டு பார்த்த கணக்கு வந்தது. வைட்டமின் சாப்பிட்டவர்களில் 25.5 சதவீதம் பேருக்கும், சாப்பிடாதவர்களில் 24.8 சதவீதம் பேருக்கும் இதய, ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் வந்திருந்தன. எண் இறங்கியது, நோய் இறங்கவில்லை.

அப்படியானால் மெக்கல்லி கண்டது பொய்யா? பொய்யில்லை. பிறவிக் குறையுள்ள குழந்தைகளின் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் 100 மைக்ரோமோலைத் தாண்டி நிற்கும். அந்த வெள்ளத்தில் ரத்தக்குழாய்கள் கெடவே செய்யும். அவர்களுக்கு அளவைக் குறைத்தால் ரத்தக்கட்டிகள் குறைகின்றன என்பதும் உறுதியான உண்மை. 22 என்றும் 25 என்றும் தாளில் வரும் நம்மைப் போன்றவர்களின் கதை வேறு. இங்கே பெரும்பாலும் தளர்ந்த சிறுநீரகமும் வயதும் புகையும்தான் காற்று. அந்தக் காற்று ஹோமோசிஸ்டீனை ஏற்றுகிறது, தனியாக இதயத்தையும் கெடுக்கிறது. பக்கவாதத்தில் மட்டும் கணக்குக் கொஞ்சம் வேறுபடுகிறது. சீனாவில் உயர் ரத்த அழுத்தம் உள்ள 20,702 பேரிடம் நடந்த சோதனையில், அழுத்த மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு முதல் பக்கவாதம் 21 சதவீதம் குறைந்தது. அங்கே மாவில் ஃபோலிக் அமிலம் கலக்கும் வழக்கம் இல்லை. உணவிலேயே அது குறைவாக இருந்தவர்கள் அதிகம். பற்றாக்குறை இருந்த இடத்தில் நிரப்பியதற்குப் பலன் கிடைத்தது.

நம் நாட்டுக்கு இதில் ஒரு தனிப் பக்கம் உண்டு. புனே வட்டாரத்தில் 441 நடுவயது ஆண்களைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 67 சதவீதம் பேருக்கு பி12 குறைவாகவும், 58 சதவீதம் பேருக்கு ஹோமோசிஸ்டீன் அதிகமாகவும் இருந்தன. காரணம் எளிது. பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், தயிர், முட்டை, மீன், கறி ஆகியவற்றில். கீரையிலும் ராகியிலும் இல்லை. ஆகவே சைவ உணவுக்காரர் ஒருவரின் தாளில் ஹோமோசிஸ்டீன் கூடியிருந்தால், முதலில் நினைக்க வேண்டியது பி12 பற்றாக்குறையைத்தான். சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையலாம். அதைக் கண்டிப்பாகச் சரிசெய்ய வேண்டும். கால் மரத்துப்போவது, ரத்தசோகை, மறதி என்று பின்னால் வரும் தொல்லைகள் சாதாரணமானவை இல்லை. மாத்திரை போட்டதால் மாரடைப்பிலிருந்து தப்பிவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

இரண்டாவது கதை எச்.டி.எல்.லுடையது. எல்லாரும் கேட்டிருப்போம்: நல்ல கொலஸ்ட்ரால். அது கூடினால் நல்லது என்பது 1970-களிலிருந்தே மருத்துவப் பாடம். உண்மையிலேயே எச்.டி.எல். கூடியவர்களுக்கு மாரடைப்பு குறைவாகத்தான் வருகிறது. அதனால் அதை ஏற்றும் மருந்து ஒன்றை ஃபைசர் நிறுவனம் பெரும் செலவில் உருவாக்கியது, டார்செட்ராபிப் என்று. 15,067 பேரிடம் சோதித்தார்கள். எச்.டி.எல். 72 சதவீதம் எகிறியது. மருந்து சாப்பிட்டவர்களில் 93 பேர் இறந்தார்கள், சாப்பிடாதவர்களில் 59 பேர். 2006 டிசம்பரில் சோதனையை அவசரமாக நிறுத்தினார்கள். அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது, அதுதான் காரணம் என்று சிலர் வாதிட்டார்கள். ஆனால் அழுத்தத்தை அவ்வளவு ஏற்றாத அடுத்த மருந்தும், நியாசின் என்ற பழைய வைட்டமின் மருந்தும் எச்.டி.எல்.லை ஏற்றின; மாரடைப்பைக் குறைக்கவில்லை.

முடிவைச் சொன்னது ஒரு மரபணு ஆய்வு. தாய் தந்தையிடமிருந்து எந்த மரபணு நமக்கு வருகிறது என்பது உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை போன்றது. ஒன்றும் அறியாத சிறுவன் பானைக்குள் கைவிட்டு ஓலை எடுப்பதைப்போல, கருத்தரிக்கும்போதே சீட்டு விழுந்துவிடுகிறது. நீங்கள் பணக்காரரா, புகைப்பவரா, நடைப்பயிற்சி செய்பவரா என்பதெல்லாம் அந்தச் சீட்டுக்குத் தெரியாது. எச்.டி.எல்.லை மட்டும் பிறவியிலேயே கொஞ்சம் கூட்டிவைக்கும் ஒரு மரபணு மாற்றம் சிலருக்கு இருக்கிறது. எச்.டி.எல். உண்மையில் காக்கும் என்றால் அவர்களுக்கு மாரடைப்பு 13 சதவீதம் குறைய வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். 2012-இல் முடிவு வந்தபோது துளியும் குறைந்திருக்கவில்லை. தொப்பையும் ட்ரைகிளிசரைடும் உட்கார்ந்தே கழியும் நாளும் எச்.டி.எல்.லை இறக்குகின்றன, இதயத்தையும் கெடுக்கின்றன. காக்கையைப் பல பத்தாண்டுகளாகப் போற்றிக்கொண்டிருந்தோம். காற்று வேறு பக்கம் இருந்தது.

சீட்டுக் குலுக்கும் இந்த முறை மருத்துவத்துக்குக் கிடைத்த பெரிய கொடை என்பேன். ஒரு பொருள் காரணமா, துணையாக வந்ததா என்று அறிய முன்பெல்லாம் மருந்து கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது இயற்கையே செய்துவைத்த சோதனையைப் படித்தால் போதும் என்ற இடங்கள் பல.

மூன்றாவது கதை மீன் குழம்பு வரைக்கும் வருகிறது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ஸ்டான்லி ஹேசன் குழுவினர், பின்னால் மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் எந்தப் பொருள் கூடியிருந்தது என்று முன்முடிவு ஏதுமின்றித் தேடினார்கள். 2011-இல் ஒரு பெயரை அறிவித்தார்கள்: டி.எம்.ஏ.ஓ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு. முட்டை மஞ்சளிலுள்ள கோலினையும் ஆட்டுக்கறி, மாட்டுக்கறியிலுள்ள கார்னிட்டினையும் குடலில் வாழும் பாக்டீரியா உடைத்து டிரைமெத்தில் அமீன் ஆக்குகிறது. கல்லீரல் அதில் ஆக்சிஜனைச் சேர்த்து டி.எம்.ஏ.ஓ. ஆக்குகிறது. 2013-இல் 4,007 நோயாளிகளை மூன்று ஆண்டு கவனித்ததில், இது மிகக் கூடியிருந்த கால் பங்கினருக்கு, மிகக் குறைந்த கால் பங்கினரைவிட மாரடைப்பு, பக்கவாதம், மரணம் இரண்டரை மடங்கு. நெடுநாளாக இறைச்சி தொடாத ஒருவருக்குக் கறி கொடுத்துப் பார்த்தபோது அவர் உடலில் இது அதிகம் உண்டாகவில்லை, பாக்டீரியா பழகவில்லை என்பதால். குடலும் கிருமியும் இதயமும் ஒரே சங்கிலியில் கோத்துக்கொண்ட அழகான விளக்கம். உலகமே மயங்கியது.

ஆனால் மீன் இருக்கிறதே! டி.எம்.ஏ.ஓ.வின் இயற்கைக் களஞ்சியமே கடல்மீன்தான். ஆழத்தில் நீரின் அழுத்தம் புரதங்களை நசுக்காமல் காக்க மீன்கள் இதைத் தசையில் சேர்த்துவைக்கின்றன. ஆழம் கூடக் கூட அளவும் கூடும். பிள்ளை பெற்ற தாய்க்குப் புட்டு செய்து கொடுக்கிறோமே, அந்தச் சுறாவின் தசையிலும் இது நிறைய உண்டு. மீன் இறந்ததும் பாக்டீரியா இதைத் திரும்ப டிரைமெத்தில் அமீனாக உடைக்கிறது. நாம் கவிச்சி என்று முகம் சுளிக்கும் வாடை அதுவேதான். புளித்தண்ணீரில் அலசினால் கவிச்சி அடங்குவதும், மீன் குழம்புக்குப் புளி அத்தனை பொருந்துவதும் இதனால்தான்: புளியின் அமிலம் அமீனைப் பிடித்து உப்பாக்கிவிட, அது ஆவியாகி மூக்குக்கு வர முடிவதில்லை. வேதியியல் படிக்காத நம் பாட்டிமார் கையில் இந்த வேதியியல் இருந்தது.

2017-இல் வந்த ஒரு சோதனையில் 40 ஆண்களுக்கு வெவ்வேறு வேளைகளில் மீனும் முட்டையும் மாட்டுக்கறியும் கொடுத்து ரத்தத்தை அளந்தார்கள். மீன் சாப்பிட்டபோது ஏறிய டி.எம்.ஏ.ஓ. மற்றவற்றைவிட ஏறக்குறைய 50 மடங்கு. அது நஞ்சென்றால் மீன் தின்னும் மக்களெல்லாம் மாரடைப்பில் முந்தியிருக்க வேண்டும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பல ஆய்வுகளில் குறைவாகவே இருக்கிறது. பிறகு மரபணுச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். டி.எம்.ஏ.ஓ. மாரடைப்பைக் கொண்டுவருவதற்குச் சான்று கிடைக்கவில்லை. மாறாக, சர்க்கரை நோயும் சிறுநீரகத் தளர்ச்சியும் டி.எம்.ஏ.ஓ.வை ஏற்றுவது தெரிந்தது. ரத்தத்திலிருந்து இதை வடித்து வெளியேற்றுவது சிறுநீரகம்தான் என்பதை நினைத்தால் இதில் வியப்பு இல்லை. கனிந்த பழம் காக்கையை வரவழைத்த கதை. எலிகளில் கண்ட விளைவுகளை வைத்து இன்னும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆராய்ச்சி நடக்கட்டும். இன்றைய நிலையில் டி.எம்.ஏ.ஓ.வுக்குப் பயந்து மத்தியையும் நெத்திலியையும் தள்ளிவைப்பது தவறு என்பதே என் முடிவு.

அதே குழு 2023-இல் எரித்ரிட்டால் என்ற இனிப்பைப் பற்றியும் எச்சரித்தது. அதைக் கேட்டதும் கேட்க வேண்டிய கேள்வி இப்போது உங்களுக்கே தோன்றும்: குளுக்கோஸிலிருந்து நம் உடலே எரித்ரிட்டால் செய்துகொள்கிறது, ரத்தத்தில் கூடியிருந்தது வாங்கித் தின்றதா, கெட்டுப்போன சர்க்கரைக் கணக்கின் மிச்சமா?

எல்லாம் காற்றுதானா, காக்கையே கிடையாதா என்று கேட்கலாம். உண்டு. எல்.டி.எல். கொலஸ்ட்ரால். இதற்கு எதிரான சான்றுகளை வரிசையாகப் பார்த்தால்தான், சான்று என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியும். எல்.டி.எல்.லைப் பிடித்து இழுக்கும் ஏற்பி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்குப் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வருகிறது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த டாலஸ் நகரத்து மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானியர் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளின் வழிவந்த ஸ்டாட்டின் மருந்தை, ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதய நோயுள்ள 4,444 பேரிடம் சோதித்தபோது மரணம் 30 சதவீதம் குறைந்தது, அது 1994. குடவோலையும் இதே பெயரையே எடுத்தது. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு செயலிழந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு, இதய நோய் 88 சதவீதம் குறைவு என்று 2006-இல் தெரியவந்தது. 28 சதவீதக் குறைவுக்கு 88 சதவீதப் பலனா என்று மலைக்க வேண்டாம். பிறந்த நாள் முதல் குறைந்திருப்பதன் பலன் அது. அந்த மரபணு செய்யும் புரதத்தை மறிக்கும் ஊசியும் வந்து, 27,564 பேரிடம் சோதித்து, அதுவும் மாரடைப்பைக் குறைத்தது. பிறவிக் குறை, மரபணுச் சீட்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மருந்துகள் என்று எந்த வழியாக வந்தாலும் விரல் ஒரே இடத்தைத்தான் சுட்டுகிறது. ஹோமோசிஸ்டீனுக்கும் எச்.டி.எல்.லுக்கும் டி.எம்.ஏ.ஓ.வுக்கும் இந்த ஒற்றுமை அமையவில்லை.

தாளில் வரும் லிப்போபுரோட்டீன் லிட்டில் ஏ என்பதற்கும் மரபணுச் சான்று வலுவாகவே இருக்கிறது. அதன் அளவைப் பெரும்பாலும் பிறப்பே முடிவு செய்துவிடுகிறது. ஆகவே வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். ஆண்டுதோறும் அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை.

காரணம் அல்லாத பொருட்களால் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை வரும் என்பார்கள். எறும்பு மழையைக் கொண்டுவரவில்லை, ஆனாலும் காயப்போட்ட நெல்லை அள்ளிக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 2,422 பேரைப் பன்னிரண்டு ஆண்டு கவனித்த ஆய்வு 2011-இல் வந்தது. லியூசின், ஐசோலியூசின், வேலின், டைரோசின், ஃபினைல்அலனின் என்ற ஐந்து அமினோ அமிலங்கள் கூடியவர்களுக்கு, சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டு முன்பே அது வரப்போவதற்கான அறிகுறி ரத்தத்தில் தெரிந்தது. இத்தகைய முன்னறிவிப்பு நாளைக்கு நல்ல கருவியாகலாம். கூடியிருக்கும் அமினோ அமிலத்தைக் குறைக்கிறேன் என்று பருப்பை நிறுத்துவது மட்டும், மழையை நிறுத்த எறும்பை நசுக்குவது.

இனி அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவருக்கு என்ன சொல்வது? மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த எண்ணைக் குறைத்தவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்களா, டாக்டர்?” எல்.டி.எல்.லுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பதில் ஆம். தயங்காமல் சிகிச்சை எடுங்கள். சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்தி 2004-இல் வெளிவந்த ஆய்வில், புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மனஅழுத்தம், காய்கனி உண்ணாமை, மது, உடலுழைப்பின்மை என்ற ஒன்பது விஷயங்களே மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதற்குக் கணக்குச் சொல்லிவிட்டன. அதே ஆய்வின்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வந்துவிடுகிறது. மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. நமக்கு இருக்கும் அவகாசம் குறைவு. அதைப் புதுப் பெயர்களின் பின்னால் ஓடித் தொலைத்துவிடக் கூடாது.

ரத்த அழுத்தம் பார்க்கவும் சர்க்கரை பார்க்கவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலப் பெண்கள் வீட்டுக்கே வந்து பார்த்து, மாத்திரையும் தருகிறார்கள். அடுத்த முறை அவர்கள் உங்கள் கதவைத் தட்டும்போது, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று திருப்பி அனுப்பாமல் கையை நீட்டுங்கள்.